வாசல் கோலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவள். தாம்பரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வந்து 22 வருடங்கள் ஆகின்றன. மார்கழி பிறந்தால் எங்கள் மொட்டைமாடியில் பிள்ளைகளுக்கும், புதிதாகக் குடித்தனம் வந்தவர்களுக்கும் கோலம் சொல்லிக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. வருகிறவர்கள் மாறினாலும் சந்தேகங்கள் அதேதான். அதனால் அவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் சேர்த்திருக்கிறேன். பழக்கம் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு வேறுபடும். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் வேறு மாதிரி சொன்னால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கோலம் எதுக்குப் போடணும்? சும்மா அழகுக்கா?

அழகுக்கும்தான். ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று இருக்கிறது. வாசல் பெருக்கி, தண்ணீர் தெளித்து, கோலமும் போட்டாயிற்று என்றால் அந்த வீட்டில் எழுந்துவிட்டார்கள், எல்லோரும் சௌக்கியம், யாரும் வரலாம் என்று தெருவுக்குத் தெரிகிறது. எங்கள் ஊரில் எட்டு மணிக்கும் ஒரு வாசல் காய்ந்து கிடந்தால் எதிர்வீட்டு அத்தை திண்ணை ஏறி, "என்னடி, உடம்பு சரியில்லையா?" என்று விசாரிப்பார். மகாலட்சுமி வருவாள் என்று பாட்டி சொன்னதையும் நான் நம்புகிறேன். வருகிறவர் யாராக இருந்தாலும் சுத்தமான வாசலில் கால் வைக்கட்டும் என்பதுதான் அதற்கும் அர்த்தம்.

எவ்வளவு பழைய வழக்கம் என்றும் கேட்பார்கள். தை மாதம் தரை விளக்கி மண்டலமிட்டதையும் (வட்டமாகக் கோலமிட்டதையும்), மாசியில் நுண்மணல் கொண்டு தெருவை அணிசெய்ததையும் நாச்சியார் திருமொழியின் முதல் பாட்டிலேயே ஆண்டாள் சொல்கிறாள். ஆயிரம் வருடங்களுக்கும் முந்தைய பாட்டு அது.

எனக்குக் கோடே நேரா வராது. எங்கேருந்து ஆரம்பிக்கறது?

தண்ணீரிலிருந்து. சிமெண்டுத் தரையில் ஈர விரலால் வரைந்து பாருங்கள். காய்ந்துவிடும், மறுபடி வரையலாம். என் அம்மா எனக்கு அப்படித்தான் பழக்கினாள். வளைவு கைக்கு வந்த பிறகு மாவைத் தொட்டால் போதும்.

மாவு எடுத்ததும் பெரும்பாலோர் செய்யும் தப்பு, விரலைத் தரையோடு ஒட்டி வைத்துக்கொண்டு நிறுத்தி நிறுத்தி இழுப்பது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மாவை எடுத்து, நடுவிரலை அண்டை கொடுத்து, தரைக்கு ஓர் அங்குலம் மேலே கையை வைத்துக்கொள்ளுங்கள். மாவு தானாக விழவேண்டும், கை நிற்காமல் போகவேண்டும். வேகம் சீராக இருந்தால் கோடும் சீராக இருக்கும். மெதுவாகப் போட்டால் நேராக வரும் என்று நினைப்போம், ஆனால் மெதுவாகப் போடும்போதுதான் கை நடுங்கும்.

அரிசிமாவா, கடையில விக்கிற கோலப்பொடியா? எது சரி?

கடைப்பொடி வெள்ளைக் கல்லை அரைத்தது. கொரகொரப்பாக இருப்பதால் விரலிலிருந்து நன்றாக இறங்கும், வெயிலில் பளிச்சென்று தெரியும். அரிசிமாவு எறும்புக்கும் அணிலுக்கும் குருவிக்கும் தீனி. எங்கள் பாட்டி வீட்டு வாசலில் ஏழு மணி வெயில் விழும்போது கோலத்தின் ஒரு முனையில் சிற்றெறும்பு வரிசை தொடங்கியிருக்கும். ஒவ்வொன்றும் தன் தலையைவிடப் பெரிய வெள்ளைத் துகளைத் தூக்கிக்கொண்டு கோட்டின் மேலேயே நடக்கும். பத்து மணிக்குப் பார்த்தால் ஓர் இதழ் பாதிதான் இருக்கும். பாட்டிக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

நைசான அரிசிமாவு விரலில் ஒட்டிக்கொண்டு கொத்துக் கொத்தாக விழும். அதனால் பச்சரிசியை ரவை பதத்துக்கு உடைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் பாதி அரிசி ரவை, பாதி கடைப்பொடி என்று கலந்துகொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். கல்பொடியைச் சலிக்கும்போது மட்டும் மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு நல்லதல்ல.

மாக்கோலம் போட்டா எனக்கு மட்டும் திட்டுத் திட்டா பரவுது. ஏன்?

தரை ஈரமாக இருந்திருக்கும். பொடிக்கும் கரைத்த மாவுக்கும் இதில் நேர்மாறு. பொடிக்கோலத்துக்குத் தரையில் லேசான ஈரம் வேண்டும், அப்போதுதான் ஒட்டும், காற்றில் பறக்காது. மாக்கோலத்துக்குத் தரை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும்.

பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, மைய அரைத்து, பால் பதத்துக்குக் கரைத்துக்கொள்ளுங்கள். சின்ன வெள்ளைத் துணியை அதில் நனைத்து உள்ளங்கைக்குள் பிடித்து, மெல்ல அழுத்தினால் மோதிரவிரல் வழியாக மாவு இறங்கும். அந்த விரல்தான் பேனா. போடும்போது கோடு மங்கலாக, தண்ணீர் போலத்தான் தெரியும். பயந்துபோய் மேலே இன்னொரு கோடு போடாதீர்கள். பத்து நிமிடம் கழித்து வந்து பாருங்கள், காயக் காய வெளுத்துக்கொண்டு வரும். சுற்றிலும் காவி இட்டால் அந்த வெள்ளைக்கு எடுப்பே தனி.

கோலப் புத்தகத்துல '15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளி'ன்னு போட்டிருக்கு. ஒண்ணும் புரியல.

புள்ளி வைப்பதில் இரண்டு வகை உண்டு. ஒரு வரிசைப் புள்ளிக்கு நேர் கீழே அடுத்த வரிசைப் புள்ளி வந்தால் நேர்ப்புள்ளி. இரண்டு புள்ளிக்கு நடுவிலுள்ள சந்தில் வந்தால் ஊடுபுள்ளி. சில ஊர்களில் சந்துப்புள்ளி, இடுக்குப்புள்ளி என்பார்கள்.

'15, 8 வரை' என்றால் நடுவரிசையில் 15 புள்ளி. அதற்கு மேலும் கீழும் 14, 13 என்று ஒவ்வொன்றாகக் குறைத்து 8-இல் நிறுத்த வேண்டும். மொத்தம் 15 வரிசை, 169 புள்ளி, ஆறு பக்க வடிவம் வரும். முதல் தடவையே அவ்வளவு வேண்டாம், '7, 4 வரை' போட்டுப் பழகுங்கள். 4, 5, 6, 7, 6, 5, 4 என்று 37 புள்ளிதான். நேர்ப்புள்ளியில் '7, 1 வரை' என்றால் இரண்டிரண்டாகக் குறையும்: 1, 3, 5, 7, 5, 3, 1. அது 25 புள்ளி.

எப்போதும் நடுவரிசையை முதலில் வையுங்கள். மேலிருந்து தொடங்கினால் கீழே வரும்போது சாய்ந்திருக்கும். நம் கண்ணுக்கு அது தெரியாது, எதிர்வீட்டுக்காரருக்குத்தான் தெரியும்.

சிக்குக் கோலத்துல கடைசியில ரெண்டு புள்ளி தனியா நின்னுடுது. எங்க தப்பு பண்றேன்?

சிக்குக் கோலத்தை நெளிக்கோலம், கம்பிக்கோலம் என்றும் சொல்வார்கள். கோடு புள்ளியைத் தொடாமல் சுற்றிப் போகவேண்டும், எந்தப் புள்ளியும் விட்டுப்போகக் கூடாது, போன கோட்டின் மேலேயே திரும்பப் போகக் கூடாது, கிளம்பின இடத்துக்கே வந்து சேரவேண்டும். சாதாரணச் சிக்கில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் இரண்டுக்கும் நடுவில் கோடு ஒரு தடவை குறுக்கே வெட்டும். புள்ளி தனியாக நிற்கிறது என்றால் எங்கோ ஒரு வெட்டை விட்டுவிட்டு வளைத்துவிட்டீர்கள். பெரும்பாலும் ஓரத்தில்தான் நடக்கும்.

இன்னொன்றும் இருக்கலாம். அந்தக் கோலமே ஒரே கம்பியால், அதாவது கை எடுக்காமல் போடும் ஒரே கோட்டால், முடியாததாக இருக்கலாம். வரிசைக்கு 3 புள்ளி வீதம் 4 வரிசை வைத்துப் பாருங்கள், ஒரே கம்பியில் முடியும். 3-க்கு 3 வைத்தால் முடியாது, மூன்று கம்பி வேண்டும். 4-க்கு 6 என்றால் இரண்டு கம்பி. இரண்டு எண்களையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண்ணைப் பள்ளிக்கூடத்தில் மீப்பெரு பொது வகுத்தி என்று படித்தோமே, கட்டம் கட்டமாக நேர்ப்புள்ளி வைத்துப் போடும் சாதாரணச் சிக்கில் கம்பிகளின் எண்ணிக்கை அதுதான். இது தெரியாமல் என் பத்து வயதில் 5-க்கு 5 வைத்துக்கொண்டு ஒரு கோடை விடுமுறை முழுக்க ஒரே கம்பியில் முடிக்கப் பார்த்திருக்கிறேன். அம்மா, "ஒரு புள்ளியைக் குறைச்சு வரிசைக்கு நாலு வை" என்றாள். முடிந்துவிட்டது. ஏன் என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. கைக்குத் தெரிந்திருந்தது.

இந்தக் கைக்கணக்கைப் படித்தவர்கள் பெரிதாக மதித்திருக்கிறார்கள். இங்கே தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இருந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-இல் கோலங்களை இலக்கண விதிகளால் எழுதிக் காட்டும் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார்கள். கணினி அறிவியலில் கோலம் இப்போதும் பேசப்படுகிறது. பெண்பிள்ளைகளிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள், ஆண்பிள்ளைகளிடமும்தான்.

எந்த நாள்ல கோலம் போடக் கூடாது?

அமாவாசையிலும் திதி நாளிலும் பல வீடுகளில் முன்னோருக்குச் செய்ய வேண்டியதைச் செய்து முடிக்கும்வரை வாசலில் கோலம் போடுவதில்லை. முடிந்த பிறகு போடுவார்கள். வீட்டில் துக்கம் என்றால் அவரவர் வழக்கப்படி காரியம் முடியும்வரை கிடையாது. யாராவது ஊருக்குக் கிளம்பிப் போன உடனே வாசலைக் கழுவிக் கோலம் போடமாட்டார்கள், கொஞ்ச நேரம் விடுவார்கள். சாயங்காலம் விளக்கு வைப்பதற்கு முன்னால் வாசல் பெருக்கிச் சின்னதாக ஒரு கோலம் போடுவது உண்டு, விளக்கு வைத்த பிறகு பெருக்குவதில்லை.

மாதவிலக்கு நாள்ல போடலாமா?

எங்கள் பாட்டி போடமாட்டாள், அம்மா வாசலில் மட்டும் போடுவாள், நான் எல்லா நாளும் போடுகிறேன். தாராளமாகப் போடலாம் என்பதுதான் என் பதில். கூட்டுக் குடும்பத்தில் பெரியவர்கள் வருத்தப்படுவார்கள் என்றால் அந்த மூன்று நாளும் மாவுக் கிண்ணத்தை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். வாசல் வெறுமையாக இருக்காது, உங்களுக்கும் ஓய்வு. ஆனால் அசுத்தம் என்று யாராவது உங்கள் மகளிடம் சொன்னால் அதை அப்படியே விட்டுவிடாதீர்கள். அவள் காதுபட மறுத்துச் சொல்லுங்கள்.

மார்கழியில மட்டும் ஏன் இவ்வளவு பெரிய கோலம்? ஓசோன் வருதுன்னு சொல்றாங்களே?

அந்த ஓசோன் செய்தியை எனக்கும் வருடா வருடம் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அது சரியல்ல. தரைமட்டத்தில் ஓசோன் வெயிலில்தான் உருவாகும், விடியற்காலையில் குறைவு. அதோடு, சுவாசித்தால் அது கெடுதல். கோலத்துக்கு இப்படி ஒரு காரணம் தேடவேண்டியதே இல்லை.

மார்கழி வழிபாட்டுக்கான மாதம். டிசம்பர் பாதியில் பிறந்து போகியோடு முடியும். கோயிலில் விடியலுக்கு முன்னால் பூஜை, தெருவில் பஜனை. வருகிறவர்களை வரவேற்கத்தான் பெரிய கோலம். நடுவில் சாணப் பிள்ளையார் பிடித்து அதன் தலையில் பூசணிப்பூ வைப்போம். நாலரை மணி இருட்டில், பனியில் நனைந்த அந்த மஞ்சள் பூவைக் கையில் எடுத்தால் சில்லென்றிருக்கும். கொடியில் இருக்கும் பூவை எண்ணி முந்தின நாளே யார் வீட்டுக்கு எத்தனை என்று பங்கு பேசிவைப்போம். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் அந்தச் சாணத்தைப் பூவோடு வறட்டியாகத் தட்டிச் சேர்த்துவைத்து, தை மாதம் பெண்பிள்ளைகள் சிறுவீட்டுப் பொங்கல் வைத்து முடித்த பிறகு ஆற்றில் விடுவார்கள். மார்கழிக்குப் பக்கத்திலேயே பொங்கல் இருப்பதால் கை ஓயாது. சென்னையில் பெரிய கோலங்களைப் பார்க்க ஆசைப்பட்டால், ஜனவரியில் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் நடக்கும் கோலப்போட்டிக்குப் போய் நில்லுங்கள்.

ஃபிளாட்டுல வாசலே ரெண்டடிதான். பொடி வழுக்குதுன்னு பக்கத்து வீட்டுல சண்டை வேற.

சண்டையில் அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. வழவழப்பான டைல்ஸ் மேல் கல்பொடி இருந்தால் நிஜமாகவே வழுக்கும். எங்கள் தளத்தில் ஒரு பெரியவர் சறுக்கி, சுவரைப் பிடித்துத் தப்பித்தார். அன்றோடு நடைவழியில் பொடியை நிறுத்திவிட்டேன்.

ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடியில் ஒரு கடப்பாக்கல் வாங்கி வாசற்படியை ஒட்டிச் சுவர் ஓரமாகப் போட்டிருக்கிறேன். அதில் தினமும் மாக்கோலம். கறுப்புக் கல்லில் வெள்ளை எடுப்பாக இருக்கும், காய்ந்துவிட்டால் வழுக்காது, ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். கல் கிடைக்காவிட்டால் மரப்பலகை போதும். சாக்பீஸும் பரவாயில்லை. 5-க்கு 4 புள்ளிக் கோலம் அதில் தாராளமாக அடங்கும்.

ஸ்டிக்கர் ஒட்டிட்டா தினமும் வேலை மிச்சமில்லையா?

முதுகுவலி, கைக்குழந்தை, விடியலில் வேலைக்குக் கிளம்ப வேண்டிய கட்டாயம், இப்படி ஏதாவது இருந்தால் ஒட்டுங்கள். யாரும் குறை சொல்லக் கூடாது. ஆனால் அதையே கோலம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நேற்றையதை அழித்துவிட்டு இன்றைக்குப் புதிதாகப் போடுவதில்தான் எனக்குக் கோலம் இருக்கிறது. முதல் கேள்வியில் எதிர்வீட்டு அத்தையைச் சொன்னேனே, ஸ்டிக்கரைப் பார்த்து அவரால் எதைத் தெரிந்துகொள்ள முடியும்? தினமும் நாலு புள்ளி போதும். ஒரு நிமிடம்கூட ஆகாது.

எங்க வீட்டுல வேலை செய்யற அக்காதான் கோலம் போடறாங்க. அது எங்க வீட்டுக் கோலம்தானா?

உங்கள் வீட்டுக் கோலம்தான், போட்ட கை அவருடையது. அதை மறக்கவேண்டாம். யாராவது நன்றாக இருக்கிறதே என்றால் அவர் பெயரைச் சொல்லுங்கள். ஆறு வீட்டு வாசலில் குனிந்து போட்டுவிட்டு, தன் வீட்டு வாசலுக்கு அவர் போகும்போது மணி ஒன்பதாகியிருக்கும். வாரத்தில் இரண்டு நாளாவது நீங்களே போட்டுவிட்டு அவரைச் சீக்கிரம் அனுப்பிவிடுங்கள்.

பையன் கோலம் போடறேன்னு உக்கார்றான். மாமியார் 'பொட்டப்புள்ள வேலை'ங்கறாங்க.

போடட்டும். கோயில்களிலும் ஹோமங்களிலும் மண்டலம் வரைகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள்தான் என்று மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லிப்பாருங்கள். பையன் கையில் ஊடுபுள்ளியைக் கொடுத்துவிட்டு, மொத்தம் எத்தனை என்று எண்ணாமல் சொல்லச் சொல்லுங்கள். பாட்டியே பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்.

என் மருமகள் வங்காளத்துப் பொண்ணு. நம்ம கோலத்தைக் கத்துக்கோன்னு சொல்லலாமா?

சொல்லுங்கள். அதற்கு முன்னால் அவளுடைய ஆல்பனாவைப் போட்டுக்காட்டச் சொல்லுங்கள். அவர்களும் அரிசியை அரைத்துக் கரைத்து, துணியில் நனைத்து விரலால்தான் இழுக்கிறார்கள். புள்ளி கிடையாது, கைபோன போக்கில் கொடியும் இலையும் வரும். லட்சுமி பூஜைக்கு நெற்கதிரும் லட்சுமியின் பாதமும் போடுவார்கள். கிருஷ்ண ஜெயந்திக்கு நாம் கையை மூடி மாவில் நனைத்துப் பதித்து, ஐந்து பொட்டு வைத்துக் குழந்தைப் பாதம் போடுகிறோமே, கிட்டத்தட்ட அதே எண்ணம். ஒடிசாவில் ஜோட்டி, மிதிலையில் அரிபன், ஆந்திராவில் முக்கு என்று இந்தியா முழுக்க இந்தக் குடும்பம் பெரியது. உங்கள் பொங்கல் கோலத்தின் ஓரத்தில் அவள் நெற்கதிர் வரட்டும்.

அப்பா போய் ஆறு மாசமாச்சு. அம்மா கோலம் போடறதையே விட்டுட்டாங்க. போடச் சொல்லலாமா, கூடாதா?

இதை யாரும் வகுப்பில் கேட்பதில்லை. எல்லோரும் போன பிறகு, படிக்கட்டில் நின்று கேட்பார்கள். போடச் சொல்லலாம், போடவும் வேண்டும். காரியம் முடியும்வரை கோலம் இல்லை என்று முன்னால் எழுதினேன். அது வீட்டுக்கான விதி, அங்கேயே முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் ஒரு பெண்ணைப் பார்த்து இனி உனக்குக் கோலம் கிடையாது என்று சொல்கிறவர்கள் பேச்சை நான் ஏற்பதில்லை. அறுபது வருடம் அந்த வாசலைப் பார்த்துக்கொண்டவள் அவள்.

ஆனால் வற்புறுத்தாதீர்கள். பெரியப்பா இறந்த பிறகு எங்கள் பெரியம்மாவும் இப்படித்தான் இருந்தார். மருமகள் தினமும் அவர் கண்ணெதிரே வேண்டுமென்றே கொஞ்சம் தப்பாகப் போடுவாள். ஒரு வாரம் பார்த்தார், பத்து நாள் பார்த்தார். ஒரு நாள் பொறுக்கமுடியாமல், "தள்ளு, அங்கே வெட்டு விட்டுப்போச்சு" என்று கொட்டாங்கச்சியை வாங்கிக்கொண்டார். மறுநாள் விடியற்காலையில் வாளிச் சத்தம் கேட்டு மருமகள் எட்டிப் பார்த்தபோது பெரியம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். அன்றைக்குப் போட்டது நாலு புள்ளிக் கோலம்தான். சுற்றிலும் காவியும் இட்டிருந்தார்.